மூன்று மணிக் கட்டம்

1. வியாழன், பிற்பகல் 2.40

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் நான் லைன் இன்ஸ்பெக்டர். வயது நாற்பத்தாறு. பதினேழு ஆண்டுகளாக ஒரே வேலை. கிரைண்டிங் மெஷினிலிருந்து வரும் காலிப்பர் பின்களில் மணிக்கு ஐந்தை எடுக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் விட்டம் அளக்க வேண்டும். அவர்லி ஷீட் என்ற மணிவாரிப் பதிவுத் தாளில் அந்த மணிக்குரிய கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

11.970 மில்லிமீட்டரிலிருந்து 11.990 வரை இருக்கலாம். அதற்கு மேல் தடித்தால் பின் தன் துளைக்குள் சிக்கும். பிடித்த பிரேக் விடாது. எனக்குப் பிறகு அதை யாரும் அளப்பதில்லை. பேக்கிங், லாரி, அப்புறம் யாரோ ஒருவருடைய வண்டி. அதனால் என் கையெழுத்தை நம்பலாமா கூடாதா என்பது மட்டும்தான் இந்த வேலையில் கேள்வி. அந்த வியாழக்கிழமை வரை எனக்கு அதில் சந்தேகம் வந்ததில்லை.

அன்று பி ஷிப்ட், பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை. இரண்டு மணிக்கு முதல் பீஸைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். 2.40க்குத் தண்ணீர் குடித்துவிட்டு மேஜைக்கு வந்தேன். ஷீட்டில் மூன்று மணிக் கட்டம் நிரம்பியிருந்தது.

ஐந்து எண்கள். 11.982, 11.984, 11.983, 11.982, 11.984. கீழே என் கையெழுத்து. எட்டை நான் இரண்டு தனி வட்டங்களாகப் போடுவேன். அதுவும் அப்படியே இருந்தது. சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். இரண்டிலும் மூன்று ஆக இருபது நிமிடம் இருந்தது.

பக்கத்து மேஜையில் இசக்கி இருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கி ஆறு வருடமாக என்னோடு வேலை பார்ப்பவள். ஷீட்டை அவளிடம் காட்டினேன்.

"இத யாரு எழுதினது?"

"ஒங்க எழுத்துல்லாக்கா. வேற யாருக்கு இப்படிக் கோலம் போட்ட மாதிரி எட்டு போட வரும்?"

"மணி இன்னும் மூணு ஆகல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "பரீட்ச நெனப்புல மாத்தி எழுதிருப்பிய. அடிச்சிட்டு எழுதுங்க."

நான் அடிக்கவில்லை. மூன்று மணிக்கு மெஷினிலிருந்து ஐந்து பின்களை எடுத்து வந்து துடைத்தேன். முதல் பின் 11.982. இரண்டாவது 11.984. மூன்றாவது 11.983. நான்காவதை வைக்கும் முன்பே என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவே வந்தது. ஐந்தாவதும் அப்படித்தான்.

ஐந்து பின்களில் ஐந்து எண்களும், இருபது நிமிடத்துக்கு முன் நான் எழுதியிருந்தபடியே வந்தன. மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தேன். பின்களை வரிசையாக அடுக்கினேன்.

2. நாளையின் டைரி

இது எப்படி வந்தது என்று சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பை நாற்பத்து நாலு வயதில் மறுபடி தொடங்கினேன். பகுதிநேர டிப்ளமோ, மெக்கானிக்கல். எங்கள் ஆலையில் டிப்ளமோ இல்லாதவர் லைன் இன்ஸ்பெக்டருக்கு மேல் போக முடியாது. வகுப்பு மாலை ஆறு முதல் ஒன்பது வரை. விடிகாலை ஏ ஷிப்டோ பகல் நேர ஜெனரல் ஷிப்டோ என்றால் போகலாம். பி ஷிப்ட் என்றால் முடியாது. முன்பு ஷிப்ட் பட்டியலை வாரத்துக்கு ஒரு முறை ஒட்டுவார்கள். நான் படிப்பில் சேர்ந்த மாதத்திலிருந்து அது தினசரி ஆனது. நாளைக்கு எந்த ஷிப்ட் என்பது இன்று மாலை ஐந்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும். சில நாள் ஏழாகும்.

பள்ளி நாளிலிருந்து டைரி எழுதுகிறவள் நான். எழுந்த நேரம், சமைத்தது, பஸ் வந்த நேரம், எல்லாம் எழுதுவேன். எத்தனை மணிக்குப் படிப்பது என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்கத் தடுமாறினேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். டைரியை முதல் நாளே எழுதினேன், எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி. "4.15க்கு எழுந்தேன். 5.45 வரை எந்திரவியல் கணக்கு பன்னிரண்டு போட்டேன். 6.20க்குச் சாதம் வடித்தேன்." டைரியில் பொய் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது. எழுதிவிட்டதால் செய்தே தீருவேன்.

ஷிப்ட் தெரியாததால் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தேன். ஏ, ஜெனரல், பி. செய்தி வந்ததும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடித்துவிடுவேன்.

என் கணவர் முருகேசன் வேறொரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறார். அவருக்கு இது பெரிய தமாஷ்.

"இன்னா வசந்தி, நாளிக்கி இன்னா கொழம்பு வச்ச?"

"வத்தக்குழம்பு."

"நல்லா இருந்திச்சா?"

"நீங்க ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டீங்க."

"அப்ப சரி. நாளிக்கி நான் எத்தினி மணிக்கி வூட்டுக்கு வந்தேன், அதயும் பாத்து சொல்லிடு. டெப்போவுல கேட்டா சொல்லலாம்."

முதல் இரண்டு செமஸ்டரிலும் எல்லாப் பாடத்திலும் தேறினேன். அதனால் முறையை இன்னும் இறுக்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு வரை எழுதி வைத்தேன். நான்காவது செமஸ்டர் தேர்வு நெருங்கியபோது ஆலைக்குள் இருக்கும் நேரத்தையும் சேர்த்தேன். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே எந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வது என்று திட்டமிடத்தான். "4.00. ஐந்து பின் அளந்தேன். சரி. 4.10 முதல் வளைவுத் திருப்புத்திறன். 5.00. ஐந்து பின் அளந்தேன். சரி."

3. ஈரச் செருப்பு

தேர்வுக்கு முந்தைய மாதம் இரண்டு விஷயம் நடந்தது.

ஒரு புதன்கிழமை வகுப்பில் ஆசிரியர் என்னைப் பார்த்து, "நேத்து நடத்துனத யார்கிட்டயாவது வாங்கிக் காப்பி பண்ணிக்குங்கம்மா" என்றார். "நேத்து வந்திருந்தேனே சார்" என்றேன். வருகைப் பதிவைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே ஆப்சென்ட். முந்தின நாள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும், தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை உரசியதும் எனக்கு நினைவிருந்தது. வீட்டுக்கு வந்து டைரியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பி ஷிப்ட். நான் வகுப்புக்குப் போனது அடிக்கப்பட்ட பத்தியில்தான் இருந்தது.

இரண்டாவது சம்பவம் ஒரு ஜெனரல் ஷிப்ட் நாளில். 4.15 முதல் 5.45 வரை சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். அன்று மாலை வீடு திரும்பிய முருகேசன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"காலீல ஸ்டாப்பிங்ல எதுக்கு நின்னுகினு இருந்த?"

"எந்த ஸ்டாப்பிங்?"

"வடக்குப்பட்டு ஸ்டாப்பிங்தான். அஞ்சேகால் இருக்கும். யூனிபார்ம் போட்டுகினு, பை மாட்டிகினு நின்ன. ஆரன் அடிச்சேன், நீ திரும்பிக்கூட பாக்கல. பஸ் ஃபுல்லா ஆளு, அதான் நிறுத்தல."

"நான் வீட்டுல படிச்சிக்கிட்டு இருந்தேன். வேற யாரையாவது பாத்திருப்பீங்க."

"இருவத்திரெண்டு வருசம் குடும்பம் நடத்துறேன், எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று காலை நினைவுக்கு வந்தது. ஜெனரல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் கிடந்த என் செருப்பு ஈரமாக இருந்தது. விடியலில் தூறியிருந்தது. செருப்பு கிடந்த இடமோ கூரைக்கு உள்ளே. அடியில் ஸ்டாப்பிங்கின் செம்மண் ஒட்டியிருந்தது. கழுவிவிட்டு மாட்டிக்கொண்டு போனேன்; யோசிக்கவில்லை. டைரியில் அந்த நாளின் ஏ பத்தியை, நானே அடித்திருந்த பத்தியை, எடுத்துப் படித்தேன். "5.15. ஸ்டாப்பிங்குக்கு வந்தேன். பஸ் வரவில்லை."

அது தூக்கக் குறைவு என்று சொல்லிக்கொண்டேன். தேர்வு முடிந்ததும் சரியாகிவிடும் என்று டைரியில் எழுதினேன், ஒரு வாரம் தள்ளி வரும் தேதியில்.

4. மூடிய கை

மறுபடி அதே வியாழக்கிழமை. மூன்று மணி தாண்டி ஐந்து நிமிடம். ஐந்து பின்களும் என் முன்னால் வரிசையாக இருந்தன.

இசக்கி எழுந்து வந்தாள். "நான் ஒருக்க பாக்கட்டா?" என்று மைக்ரோமீட்டரை எடுத்தாள். நான் ஷீட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"எனக்குக் காட்டாதிய. பாத்தா நானும் அதத்தான் சொல்லுவேன்."

ஒவ்வொன்றாக வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். "பதினொண்ணு, தொள்ளாயிரத்து எம்பத்தாறு. எம்பத்தொம்பது. தொண்ணூத்தி ஒண்ணு. தொண்ணூத்தி நாலு." அங்கே நிறுத்தினாள். ஐந்தாவதை இரண்டு முறை அளந்தாள். "தொண்ணூத்தி மூணுக்கா."

மூன்று பின்கள் எல்லைக்கு வெளியே. அளவு தெரிந்த மாஸ்டர் பீஸை வைத்துச் சரிபார்த்தோம், மைக்ரோமீட்டரில் குறையில்லை. கிரைண்டிங் வீல் தேய்ந்து பின் தடித்துக்கொண்டே வந்திருக்கிறது. திரையில் 11.994 என்று தெளிவாக இருந்த இடத்தில் நான் 11.982 என்று படித்திருக்கிறேன். என் கண் கருவியைப் பார்க்கவில்லை. தாளில் இருந்ததைத்தான் கருவியில் பார்த்தது.

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஷிப்ட் இன்சார்ஜ் பாஸ்கரிடம் போனேன். வாலாஜாபாத்காரர். கெட்டவர் இல்லை. 4.30க்கு வண்டி ஏற்றியாக வேண்டும் என்பது மட்டும்தான் அன்று அவர் மனதில் இருந்தது.

"வீல் தேஞ்சிருக்கு, அவ்ளோதான மேடம்? வீல தீட்டி டிரெஸ்ஸிங் போடச் சொல்லு. ரெண்டு மணிக்கி மேல வந்த டிரேய தனியா வை. முடிஞ்சி போச்சி."

"முடியல சார். நேத்தும் முந்தாநாளும் நான் கையெழுத்து போட்ட லாட் எல்லாத்தையும் அனுப்பாம ஹோல்டு பண்ணணும்."

"எதுக்கு? அதுல இன்னா கீது?"

"தெரியல சார். நான் அளந்தேனான்னு எனக்கே தெரியல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பேசுறன்னு தெரிஞ்சிதான் பேசுறியா? ஷீட்ல உன் கையெழுத்து கீது. அளக்காம போட்டேன்னு நீயே சொன்னா மெமோ வரும். படிச்சி முடிச்சி மேல வரணும்னு நீதான சொல்லிகினு இருந்த? அந்தக் கதவ நீயே சாத்திக்காத."

அந்தக் கதவுக்காகத்தான் இரண்டு வருடமாக நாலேகாலுக்கு எழுந்தேன். கண்ணாடி வழியாக, சரக்கு ஏற்றும் டாக்கில் பின்பக்கம் திறந்து நின்ற லாரி தெரிந்தது.

"ஹோல்டு டேக் குடுங்க சார்" என்றேன்.

அவர் டேக் கட்டை மேஜை மேல் போட்டார். "நீயே கட்டு."

மூன்று நாள் லாட்டுக்கும் சிவப்பு டேக் கட்டினேன். லாரி காலியாகப் போனது. அன்றும் மறுநாளும் இசக்கியும் வேறு இருவரும் ஒவ்வொரு பின்னாக அளந்தார்கள். என்னை அளக்க விடவில்லை. நானும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை லாட் முழுவதும் சரி. புதன்கிழமை லாட்டில் மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே வந்த ஒரு டிரேயில் அறுபத்து நான்கு பின்கள் தடித்திருந்தன. ஷீட்டில் புதன் ஐந்து மணிக் கட்டத்தில் அழகான ஐந்து எண்கள், என் எட்டுகள், என் கையெழுத்து.

அந்த ஐந்து மணியை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. டைரியில் இருந்தது. "5.00. ஐந்து பின் அளந்தேன். சரி."

5. பிறகு

மெமோ வந்தது. நடந்ததை நேரப்படி எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் பேக்கிங்கில் போட்டார்கள். வீட்டில் முருகேசன், "படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். நீ மொதல்ல தூங்கு" என்றார். தூங்கினேன். ஆனால் படிப்பை விடவில்லை. நடக்காததை நடந்ததாக எழுதியதுதான் என் தப்பு. அதை விட்டேன். அந்த செமஸ்டரில் ஒரு பாடம் போனது. அடுத்த முறை எழுதித் தேறினேன். இப்போது கடைசி வருடம். மறுபடி அதே மேஜையில் இருக்கிறேன். மேலே போவேனா என்று தெரியாது. கேட்டால் அந்த மெமோவையும் சேர்த்துக் காட்டுவேன்.

ஷிப்ட் செய்தி இன்னும் மாலையில்தான் வருகிறது. வந்த பிறகு ஒரு துண்டுத் தாளில் "காலையில் கணக்கு" என்று மட்டும் எழுதுகிறேன். நடந்தால் டைரிக்குப் போகும். நடக்காவிட்டால் குப்பைக்குப் போகும்.

இன்ஸ்பெக்ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முந்தைய மணிக் கட்டங்களை ஸ்டீல் ஸ்கேலால் மூடிவிட்டு அளவெடுங்கள். எண்ணை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள். எங்கள் மேஜையில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. நான் சொல்வதை இசக்கி கேட்கிறாள், அவள் சொல்வதை நான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மெமோ வந்த அன்று டைரியில் முன்கூட்டி எழுதிய பக்கங்களைக் கிழிக்க உட்கார்ந்தேன். வரும் ஞாயிறு வரை எழுதியதுதான் எனக்கு நினைவு. ஞாயிறுக்குப் பிறகும் பக்கங்கள் நிரம்பியிருந்தன. திங்கள், செவ்வாய், புதன் என்று அந்த வருடக் கடைசி வரை. பத்திகள் இல்லை, அடித்தலும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணிக்கும் ஒரே வரி, என் கையெழுத்தில். "ஐந்து பின் அளந்தேன். சரி."

எப்போது எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போட்டேன். புது டைரி வாங்கினேன். காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன் அதைத் திறந்து நாளைய பக்கத்தை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

இதுவரை காலியாகத்தான் இருக்கிறது.