பொன்னையாவின் நாக்கும் புகை ஏறிய விஸ்கியும்

பொன்னையாவுக்குக் கோயிலிலும் பெரிய பற்று கிடையாது, யூனியனிலும் கிடையாது. அவருடைய பக்தியெல்லாம் தன் நாக்கின் மேல்தான். வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் டீமேக்கர். கொழுந்து காய்ந்து தூளாகி வந்ததும் அதைச் சுவைத்துப் பார்த்து, கொழும்பு ஏலத்துக்குப் போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பு. அந்த நாக்குக்காக அவர் வெற்றிலை போடுவதில்லை, பீடி குடிப்பதில்லை, சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. வீட்டில் மீன் குழம்புக்கும் மிளகாய் குறைத்துத்தான் போட வேண்டும். மனைவி காளியாயி உறைப்பாகச் சாப்பிட்டு ரொம்பக் காலம் ஆகிவிட்டது.

"நான் மனுஷனக் கட்டிக்கிட்டு வாழல, ஒரு நாக்கக் கட்டிக்கிட்டு வாழ்றேன்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்வாள். அதையும் பொன்னையா பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அவர் சுவை பார்ப்பதைப் பார்க்க வேண்டும். நீளமான மேசையில் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒரு கரண்டி எடுத்து, ஓடை உறிஞ்சுகிற மாடு மாதிரி பெரிய சத்தத்தோடு உறிஞ்சுவார். வாய்க்குள் இரண்டு சுற்றுச் சுற்றுவார். இடது கைப்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு படிக்கம் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பாமலே, குறி தப்பாமல் அதற்குள் துப்புவார். ஒரு சொட்டைக்கூட விழுங்கமாட்டார். பிறகு தீர்ப்பை உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். வரிசை முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

எல்லாக் குற்றங்களையும் ஓரளவு மன்னிப்பார். புகை வாடையை மட்டும் மன்னிக்கமாட்டார். தூளைக் காயவைக்கும் டிரையர் அடுப்பில் எங்கேயாவது ஓட்டை விழுந்தால் விறகுப் புகை தூளில் ஏறிவிடும். அப்படி ஏறிய தூளை ஏலத்தில் ஒருவனும் தொடமாட்டான். புகை என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், தொழிற்சாலையே பதறி அடுப்படிக்கு ஓடும்.

இதெல்லாம் வேலைத்தலத்தோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மனுஷனுக்கு நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியவில்லை. மகள் நிலக்ஷிக்கு ஹட்டனில் ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த தேநீரை உறிஞ்சிவிட்டு, "இது தேயில இல்லங்க, கூட்டி அள்ளுன தூசி" என்றார். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. அடுத்து உடப்புசல்லாவையில் ஒரு குடும்பம். அங்கே வாயால் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்திலிருந்த பூச்சட்டிக்குள் துப்பிவிட்டார். அதுவும் போயிற்று.

மூன்றாவது பையனை நிலக்ஷி தானே பார்த்துக்கொண்டாள். பெயர் தனுஷன். ஹட்டனில் அவள் வேலை செய்கிற பாமசிக்கு எதிரே ஃபோன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். நல்லாயிருந்த ஃபோனை அவள் எத்தனை தரம் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கினிகத்தேனையில் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசி முடிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். வேனில் ஏறுமுன் நிலக்ஷி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னைக்கு மட்டும் எதக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லாதீங்க. குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லுங்க. எனக்கு அவரத்தான் கட்டணும்பா."

அவள் அழுகிற பெண் இல்லை. அன்றைக்குக் குரல் உடைந்துவிட்டது. பொன்னையா ஆடிப்போனார். வழியெல்லாம் வேன் கண்ணாடியைப் பார்த்து, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனார். டிரைவர் ரோட்டைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

தனுஷனின் அப்பா அழகன் உல்லாசக் கப்பலொன்றில் பார்மேனாக வேலை செய்து ஊர் திரும்பியவர். வெளுத்த வேட்டி, நேரான முதுகு, எதையும் சிந்தாமல் ஊற்றுகிற கை. கப்பலில் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. ஸ்கொட்லாந்துத் தீவுகளில் வடிக்கிற ஒரு வகை விஸ்கி மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். பயணிகள் அன்பாகக் கொடுத்த போத்தல்களைக் கண்ணாடி அலுமாரியில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். ஊரில் யாருக்காவது ஊற்றிக் கொடுத்தால், ஒருவன் அதில் சோடாவைக் கொட்டுவான், இன்னொருவன் முகத்தைச் சுளிப்பான். அதன் அருமை தெரிந்து கூட உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லையே என்பதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே குறை. வரப்போகிற சம்பந்தி நாக்குக்குப் பேர்போன டீமேக்கர் என்று மகன் சொன்னதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பலகாரம் முடிந்ததும் மேசையில் நாலு கிளாஸ்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை விஸ்கி. வாய் கொப்பளிக்க ஓரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

"டீமேக்கர் ஐயா, போத்தலப் பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். அதனால கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் சுவை பாக்கணும். நான் ஒன்னுமே சொல்லமாட்டேன். நீங்களாச் சொல்லுங்க" என்றார்.

பொன்னையாவுக்கு வேண்டாமென்று சொல்ல வழியில்லை. மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கும்பிட்டாள். சரி என்று தலையை ஆட்டினார். தனுஷன் ஒரு துவாயை மடித்து அவர் கண்ணைக் கட்டினான்.

கண் திறந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கண் கட்டியதும் கினிகத்தேனை மறைந்துவிட்டது. கை நீட்டினால் வரிசையாகக் கிளாஸ்கள். சுற்றிலும் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். உடம்பு தன்பாட்டில் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. முதல் கிளாஸை எடுத்தார். பெரிய சத்தத்தோடு உறிஞ்சினார். இரண்டு சுற்று. இடது கைப்பக்கம், இடுப்பு உயரத்தில், குறி தப்பாமல் துப்பினார்.

அங்கே அழகன், தீர்ப்பைக் கேட்க நெருங்கி நின்றுகொண்டிருந்தார்.

"புகை!" என்று பொன்னையா கத்தினார். "டிரையர்ல ஓட்ட! எவன்டா அடுப்படியில நிக்கிறது?"

வேட்டியில் மஞ்சள் மஞ்சளாக வழிய, அழகன் இரண்டடி பின்னால் போனார். காளியாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒருவரும் பேசவில்லை. வரிசை முடியும் வரை யாரும் பேசக் கூடாது என்கிற தன் சட்டத்தைத்தான் மதிக்கிறார்கள் என்று பொன்னையா எடுத்துக்கொண்டு இரண்டாவது கிளாஸைத் தேடினார். தனுஷன் கெட்டிக்காரன். சமையலறைக்கு ஓடி ஒரு பேசினைக் கொண்டுவந்து, அப்பா நின்ற இடத்தில் சரியான உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். அடுத்த துப்பல் டங்கென்று அதில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பொன்னையாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

"இது அத விட மோசம். விறகு மட்டுமில்ல, டயரும் எரிச்சிருக்கானுங்க."

மூன்றாவதுக்கு, "இந்தத் தூள ஆஸ்பத்திரிச் சாமானோட ஏத்திக்கிட்டு வந்தியா? மருந்து வாட!" என்றார். நாலாவதை வாயில் வைத்ததும் காதுமடல் சிவந்துபோயிற்று. "இத ஏலத்துக்கு அனுப்புனா நம்ம தோட்டத்தையே மூடிருவாங்க. குழி தோண்டிப் பொதைங்க!"

கை ஓரத்துக்குப் போய்த் தண்ணீர்க் கிளாஸை எடுத்தது. அதற்குள் அவர் நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. உறிஞ்சினார், சுற்றினார், முகம் மலர்ந்தது.

"ஆ! இதுதான் சரக்கு. வாட இல்ல, காரம் இல்ல, பட்டு மாதிரி இருக்கு. இத மட்டும் அனுப்புங்க."

சொல்லிவிட்டுத் துவாயை அவிழ்த்தார்.

முதலில் தெரிந்தது பேசினோடு நிற்கிற மாப்பிள்ளை. அப்புறம் அழகனின் வேட்டி. அப்புறம் கதவோரத்தில் நிலக்ஷியின் முகம். தனுஷனின் அம்மா நாகலெட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது மலையில இருந்து வர்ற எங்க பீலித் தண்ணிங்க அண்ணே."

அழகன் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மெதுவாகப் போத்தல்களை மூடினார். "அது அடுப்பு ஓட்டையில்லங்க" என்றார் யாரையும் பார்க்காமல். "அந்தத் தீவுல சேத்து மண்ண வெட்டிக் காயவச்சு எரிப்பாங்க. அந்தப் பொகையிலதான் பார்லியக் காயவைப்பாங்க. வேணும்னுதான் பொகைய ஏத்துறது. அந்தப் பொகைக்குத்தான் அந்த வெல. உங்களுக்காவது தெரியும்னு நெனச்சேன்." போத்தல்களை அள்ளிக்கொண்டு அலுமாரிப் பக்கம் திரும்பினார். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வெற்றிலைத் தட்டு மூலையில் கிடந்தது.

காளியாயிக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணே. இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. எங்க கல்யாணத்தன்னைக்கே எங்கம்மா வச்ச பாயாசத்தக் குடிச்சிட்டு, பந்தியில எல்லார் முன்னாலயும் பாலு அடிப்புடிச்சிருக்குன்னு சொன்னாரு. தோட்டத்துப் பெரிய தொரைக்கிட்டயும் அப்படித்தான். செத்தாலும் நாக்குல பொய் வராதுங்க."

நாகலெட்சுமி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். அழகன் சிரிக்கவில்லை, ஆனால் நின்றார்.

பொன்னையா மகளைப் பார்த்தார். அவள் அவரைத் திட்டுகிற மாதிரி பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். அவளோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் நாக்கின் மேல் அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுப்பு வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார். "நான் தேயிலன்னு நெனச்சு அவசரப்பட்டுட்டேன். இப்ப வெவரம் தெரிஞ்சிருச்சு. கண்ணத் தொறந்துக்கிட்டு இன்னொருக்காக் குடிச்சுப் பாக்குறேன். அந்த நாலாவத ஊத்துங்க."

அழகன் தயங்கித் தயங்கி ஊற்றினார். பொன்னையா எடுத்தார். உறிஞ்சவில்லை, சுற்றவில்லை. மடக்கென்று விழுங்கினார். முப்பது வருஷமாகப் பத்தினி மாதிரி காத்த தொண்டைக்குள் எரிகிற டிரையர் ஒன்று அப்படியே இறங்கியது. தார் வாடை மூக்குக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பச் சொல்லி உடம்பு கெஞ்சியது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி?" என்றார் அழகன். குரலில் இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சமிருந்தது.

"நல்லா இருக்கு."

அழகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாகு, கேட்டியா? செத்தாலும் பொய் சொல்லாத மனுஷன் சொல்றாரு! மொதல்ல மொகத்துக்கு நேரா மோசம்னு சொன்ன அதே வாயால சொல்றாரு! கண்ணெல்லாம் கலங்கிருச்சு பாரு. எனக்கும் மொதநாளு இப்படித்தான் கலங்குச்சு." எழுந்து வந்து பொன்னையாவைக் கட்டிக்கொண்டார். "சம்மந்தி! இத்தன வருஷமா இந்தச் சொல்லுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தை மாசம் கல்யாணம் என்று முடிவாயிற்று. தட்டு மாற்றும்போது வெற்றிலை பாக்கு வாழைப்பழத்துக்கு நடுவில் அழகன் அந்தப் போத்தலையும் நிறுத்தி வைத்தார். போத்தல் முடிந்தால் கொஞ்சமும் வருத்தப்பட வேண்டாம், இன்னும் கப்பலில் இருக்கிற மச்சானிடம் சொல்லி வருஷம் ஒன்று வரவழைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை தோறும் தானே வந்து கூட உட்காருகிறேன் என்றார். பொன்னையா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காளியாயி வேனின் முன்சீட்டில் தூங்கிவிட்டாள். தட்டு பொன்னையாவின் மடியில் இருந்தது. நிலக்ஷி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவர் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அப்பா, நெசமாச் சொல்லுங்க. அது நல்லாவா இருந்திச்சு?"

பொன்னையா வெளியே பார்த்தார். ருசியைப் பற்றி யார் கேட்டாலும் அவர் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

"மாப்பிள்ள நல்ல பையன்மா" என்றார்.