செத்த சதையை மட்டும்

துணிக்கட்டை அவிழ்த்ததும் கண்ணில் பட்டது வெள்ளையாக ஓர் அசைவு. என் கணவரின் வலது உள்ளங்கால் புண்ணில் அரிசி அரிசியாகப் புழுக்கள். எழுபதுகளின் கடைசி, நெடுங்காட்டில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

அவருக்கு நீரிழிவு (சர்க்கரை வியாதி). பாதத்தில் உணர்ச்சி போய் இரண்டு வருடமாகியிருந்தது. அறுத்த நெல்தாள் குத்தியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க வயலில் நடந்திருக்கிறார். அறுப்பு முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

புழுவைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. புழுத்துப்போவாய் என்று சாபம் விடுகிற ஊரில், மனுஷன் காலில் புழு என்று யாரிடம் போய்க் காட்டுவது? மாட்டுப் புண்ணுக்குச் செய்வதையே செய்தேன். அந்துருண்டையைப் பொடித்து, வேப்பெண்ணெயில் குழைத்து உள்ளே திணித்தேன். புழுக்கள் நெளிந்து நெளிந்து வெளியே விழுந்தன. பெருக்கி அள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தேன், மடச்சி.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவும் இல்லை. பச்சையாக மினுங்கும் ஈ அழுகல் வாடைக்கு வந்து முட்டையிடும், ஒரே நாளில் புழுவாகும் என்றார். ஒரு வகை உயிருள்ள சதையையும் குடையும். வேறு சில வகை செத்த சதையை மட்டும் கரைத்துக் குடித்துப் புண்ணைச் சுத்தமாக்கும். யுத்தத்தில் புழுப் பிடித்த காயத்தோடு பிழைத்த சிப்பாய்களைப் பார்த்து, புழுவை வளர்த்தே வைத்தியம் செய்த காலமும் இருந்ததாம்.

"நான் கொன்னது எந்த வகைங்க?"

"பாக்காம எப்படிம்மா சொல்றது? ஆனா அந்துருண்டை பட்ட எடமெல்லாம் வெந்துபோயிருக்கு."

கேங்ரீன் (ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவது) கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு புண் இருக்கலாம். புழுவைக் கண்டால் கொல்லவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். வெட்கப்படாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இதற்காகத்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இதை நினைக்கவே எனக்குப் பிடிக்காது.

அவர் ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருந்தபோது எதையும் உணராத அந்தப் பாதம், போன பிறகு அவருக்குத் தெரிகிறது. ஏழு வருடமாகிறது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்ததும் கூப்பிடுவார்.

"இந்தா, உள்ளங்கால்ல என்னமோ ஊறுது. கொஞ்சம் எடுத்து விடேன்."

அங்கே வெறும் பாய்தான் இருக்கிறது. குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறேன். அவர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்துவதில்லை.