இறக்கிவிட்டு முறுக்கு

ஜெயனின் சிவப்பு மாருதி மூன்றாவது தடவையாகத் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்தபோது, வண்டி நிற்பதற்கு முன்பே அதன் சத்தம் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்துவிட்டது. வாசலில் ஓடைக்கு மேல் போட்டிருந்த சிலாப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு தட்டு.

“கேட்டியளா ஆசானே? பின்னயும் வந்தாச்சு,” என்றபடி ஜெயன் இறங்கினான். அந்த ஊரில் மூத்த மெக்கானிக் எல்லோருமே ஆசான்தான்.

மெக்கானிக் சத்தியதாஸ் வண்டியைப் பார்த்தார். கேபிள் டிவிக்கு வயர் இழுக்கிற இந்தப் பையன், அழகுக்காக யாரோ ஒரு வெல்டிங்காரனிடம் போய் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்து வண்டியைத் தாழ்த்தி வைத்திருந்தான்.

“சவிட்டி நசுக்கின தவளை மாதிரி இருத்தி வச்சிருக்கே. பின்ன சத்தம் வராம பாட்டா வரும்?”

“ரெண்டு தடவையும் இதத்தானே சொன்னிய. ரெண்டு தடவையும் சரியாயிட்டுன்னும் சொன்னிய. சரியானது எங்க போச்சு?”

சத்தியதாஸ் ஜாக்கியை இழுத்துப் போட்டார். இரண்டு தடவையும் பிரேக் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, பம்பரை அமுக்கிப் பார்த்துத்தான் முடிவு சொல்லியிருந்தார். ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப் போனது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் என்ற இரும்புக் கையின் மூட்டில், நடுக்குழாயைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ். புதிது போட்டால் சத்தம் நிற்கும். நாற்பது நாள் கழித்து மறுபடி தட்டும்.

இந்த மூன்றாவது தடவை கழற்றியெடுத்த புஷ்ஷை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழியில் விழுந்து அடிபட்ட ரப்பர் ஒரு பக்கமாகத்தான் கிழியும். இது பிழிந்த துணிபோலச் சுற்றிலும் சாய்வாகக் கிழிந்திருந்தது. இதே சாய்வை அவர் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

பெஞ்சுக்கு அடியில் இருந்த தகர டப்பாவைக் கவிழ்த்தார். எதையும் தூர எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. கிடைத்தது: சாஸ்தமங்கலம் டாக்டருடைய காரின் புஷ். இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அதே பிழிசல்.

அந்தக் கார் தாழ்த்தினதல்ல. டாக்டர் குடும்பம் எப்போதும் நிறைந்து உட்கார்ந்து போகிற வண்டி. ஒரே வருஷத்தில் மூன்று தடவை புஷ் போனபோது டாக்டர் காரணம் கேட்டார். சத்தியதாஸ் யோசிக்கவே இல்லை. “டிரைவர் போனக்காட்டு மலைக்காரன்லா சார். எஸ்டேட் ஜீப்புல படிச்ச கை. குழியும் ரோடும் அவனுக்கு ஒண்ணுதான்,” என்றார். சொல்லிச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். அந்த வாரமே டிரைவர் தளவாய்க்கு வேலை போயிற்று. தளவாய் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்று, “நான் ஒரு குழியில இறக்கல அண்ணாச்சி,” என்றான். “எல்லாவனும் இதத்தாம்லே சொல்லுவான்,” என்று சத்தியதாஸ் அவனை அனுப்பிவிட்டார்.

ஜெயனின் வண்டி தட்டுவது வெட்டிய ஸ்பிரிங்கினால் மட்டும் என்றால் நிம்மதி. டாக்டரின் காரில் ஸ்பிரிங்கை யாரும் வெட்டவில்லையே. இரண்டு வண்டிக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான். அவருடைய கை.

ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்க, புதுப் புஷ்ஷைப் போட்டு போல்ட்டை இறுக்கினார். பிறகு சாக்குக் கட்டியால் புஷ்ஷின் நடுக்குழாயிலிருந்து ஆர்ம் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தார். ரப்பரை யார் பிழிகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். வண்டியை இறக்கினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கப்படி ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார்.

வெளியே போனில் பேசிவிட்டு வந்த ஜெயன் பொறுமையில்லாமல் கேட்டான்: “முறுக்கியோ ஆசானே?”

“முறுக்கிட்டுத்தானடே இருக்கேன். கண்ணு தெரியலியா?” என்று சத்தியதாஸ் உப்பின கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

ஜெயன் சிரித்தான். “வெத்தில இல்ல ஆசானே. போல்ட்டு!”

சத்தியதாஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

திருவனந்தபுரத்துப் பேச்சில் போல்ட்டை இறுக்குவதும் முறுக்கு, வெற்றிலை போடுவதும் முறுக்கு. தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளைப் பக்கம் அவருடைய வீட்டில் போல்ட்டை ‘முடுக்கு’வார்கள், முறுக்குவது என்றால் வெற்றிலை மட்டும்தான். பத்தொன்பது வயதில் கிள்ளிப்பாலத்தில் ஒரு மலையாளி ஆசானிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புஷ் மாற்றும்போது அந்த ஆசான் சொன்னார்: “வண்டி எறக்கீட்டு முறுக்கு.” வேலை முடிந்ததும் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளச் சொல்கிறார், நல்ல மனுஷன் என்று சத்தியதாஸ் நினைத்தார். ஆசான் இடுப்பிலும் வெற்றிலைப் பொதி இருந்ததே. அன்று முதல் அவர், வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே போல்ட்டை முடுக்கினார். வண்டியை இறக்கியபின் முறுக்கினார். ஒரு நாளும் தவறவில்லை. நாலு மாதத்தில் அந்த ஒர்க்‌ஷாப் மூடிப்போனது. இது தப்பு என்று திருத்த வேறு யாரும் வரவில்லை.

வெற்றிலையைத் துப்பிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். நேராக இழுத்த கோடு உடைந்து, ஒரு பாதி குழாயிலும் மறு பாதி ஒரு விரல் தள்ளி ஆர்மிலும் நின்றது. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும்; இறக்கினதும் ஆர்ம் திரும்பும், நடுவிலுள்ள ரப்பர்தான் மாட்டிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் பிழிபட்டுக் கிடந்தது. தாழ்த்தின வண்டியில் பிழிசல் அதிகம். பாரம் ஏறின வண்டியிலும் அப்படித்தான். குழி எதுவும் தேவைப்படவில்லை.

சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, வண்டியின் பாரமெல்லாம் அதன் காலிலேயே நிற்க, நெஞ்சை உரசிக்கொண்டு அடியில் நுழைந்தார். போல்ட்டைத் தளர்த்தினார். ரப்பர் தன் இடத்துக்குத் திரும்பியது. பிறகு முறுக்கினார்.

சிலாப்பில் ஏறி இறங்கியபோது ஒரு சத்தமும் இல்லை. “கலக்கியாச்சு ஆசானே!” என்று ஜெயன் கையைப் பிடித்துக் குலுக்கினான். சத்தியதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருபத்திரண்டு வருஷத்து வண்டிகளை எண்ண முயன்று பாதியில் விட்டார். வண்டிகள் போகட்டும். ஒரு ஆள் இருக்கிறான்.

வீட்டில் மனைவி செல்லபாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒரு மனுசனுக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு, அதுக்குமேல வெத்திலயும் போட்டிய,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் தளவாயை விசாரித்துக்கொண்டு வழுதக்காட்டுக்குப் போனார். ஒரு ஃபிளாட்டின் கேட்டில் தளவாய் வாட்ச்மேனின் நீலச் சட்டையும் விசிலுமாக உட்கார்ந்திருந்தான்.

“என்ன அண்ணாச்சி, இங்க எந்த வண்டிக்குச் சீக்கு?”

சத்தியதாஸ் இரண்டு புஷ்களையும் மேஜைமேல், விசிட்டர் நோட்டுப் பக்கத்தில் வைத்தார். கோடு, பாரம், முறுக்கு, எல்லாவற்றையும் சொன்னார். வெற்றிலை விஷயத்தில் தளவாய் சிரித்துவிடுவான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார். அவன் சிரிக்கவில்லை. புஷ்ஷை எடுத்துக் கிழிசலைக் கட்டைவிரலால் தடவினான்.

“அப்ப நான் குழியில இறக்கல.”

“இல்ல தளவாய்.”

“அப்பவே சொன்னேன்லா.”

“சொன்னே. தப்பு எனக்கதாக்கும். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

ஒரு கார் ஹாரன் அடித்தது. தளவாய் எழுந்து போய் கேட்டைத் திறந்தான், சல்யூட் அடித்தான், மூடிவிட்டு வந்தான்.

“அண்ணாச்சி, இது எனக்கு முன்னயே தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்லுதீரு. தெரியாத ஆளு சாஸ்தமங்கலத்துலல்லா இருக்காரு.”

சத்தியதாஸ் அதை நினைத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணித்தான் அவர் பஸ் ஏறியிருந்தார்.

“அவரு இப்ப வேற டிரைவர் வச்சிருப்பாரு. நீ திரும்பப் போவியா?”

“போவ மாட்டேன். வேலைக்கா கேக்கேன்? என் பேரு அங்க கெட்டுக் கிடக்கு.” புஷ்களை அவர் பக்கமாகத் தள்ளினான். “இதையும் கொண்டு போரும். சாப்பாட்டு நேரம் வீட்லதான் இருப்பாரு.”

சாஸ்தமங்கலத்தில் டாக்டர் வீட்டு வாசலில் காலிங்பெல் வேலை செய்யவில்லை. உள்ளே பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் பேச்சும் கேட்டன. பாக்கெட்டில் இரண்டு புஷ்களும் கனத்தன. விரலை மடக்கிக் கதவைத் தட்டினார். பேச்சு நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை தட்டினார்.