விமானக்காரனுக்கு வைத்த பூ

ஆக்லாந்து ஹில்ஸ்பரோவில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த வீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஹாலில் தொங்கும் படத்தை எடுக்கக் கூடாது. விமானப்படைச் சீருடையில் இருபத்தொரு வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்வளவுச் சின்ன வீட்டில் தனியாக இருந்த வீட்டுக்காரப் பெண்மணியின் அண்ணன். உலக யுத்தத்தில் குண்டு போடும் விமானத்தில் போனவன், விமானத்தோடு கடலில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை.

எங்கள் யோகத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்குள் விழுந்து எழும்பி, இனி ஏலாது என்று உலகத்தின் அடிக்கே ஓடி வந்தவர்கள் நாங்கள். இங்கே ஹாலுக்குள்ளேயே ஒரு குண்டுக்காரன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அதுவும் லீஸில் எழுதி, கையெழுத்தும் வாங்கி.

அம்மா அவனுக்குப் பக்கத்தில் ஆணியடித்து என் தம்பியின் படத்தை மாட்டினாள். தம்பிக்கும் அந்த வயதுதான். நான்கு வருடங்களுக்கு முன் சைக்கிளில் டவுனுக்குப் போனவன் திரும்பவில்லை. அந்தப் படத்துக்குப் பொட்டும் இல்லை, மாலையும் இல்லை. அவை செத்தவர்களுக்கு. யாராவது, "ஒரு விளக்காவது வையுங்கோவன்" என்று இழுத்தால் அம்மா அவர்களோடு கதைப்பதையே விட்டுவிடுவாள். ஆக்லாந்தில் எங்களுக்கு இருந்ததே நான்கு சொந்தம். அதில் இரண்டு அப்படிப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பார்த்தால், விமானக்காரனின் நெற்றியில் சிவக்கச் சிவக்கக் குங்குமப் பொட்டு. படத்தைச் சுற்றிக் கமீலியாப் பூ மாலை. பூவும் வீட்டுக்காரியின் மரத்தில் பறித்ததுதான்.

"அம்மா, உவன் குண்டு போட்டவன்."

"போட்டவன்தான். செத்தும் போனான். ஐம்பது வருசமா ஒரு பூவும் இல்லாமல் நிக்கிறான். ஆர் பெத்த பிள்ளையோ, பாத்துக்கொண்டு இருக்கேலுமே மோனை?"

அடுத்த கிழமை வீட்டுக்காரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து குழாய், அடுப்பு, சுவர் எல்லாம் பார்ப்பது இந்த ஊர் வழக்கம். படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியில் இருந்த பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவனை யார் நெற்றியில் சுட்டது?" என்று கேட்டார்.

நான் மனதுக்குள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். செத்தவர்களின் படத்துக்குப் பொட்டு வைத்துப் பூப் போடுவது எங்கள் வழக்கம், மரியாதைக்காக. அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கல்லறை இல்லாதவனுக்கு எங்கே பூ வைப்பதென்று தெரியாமல் இத்தனை காலம் இருந்துவிட்டேன் என்று சொல்லி அழுதார். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அடுப்பில் பிடித்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர், மரத்திலேயே பெரிய பூவாகப் பார்த்துப் பறித்து வந்தார். தம்பியின் படத்தைக் காட்டி, "இது உங்கள் மகனுக்கு" என்று அம்மாவிடம் நீட்டினார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பூ செத்தவர்களுக்கு என்று சற்று முன் பாடம் எடுத்த பேராசிரியர் நான்தான். அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. இரண்டு கையாலும் பூவை வாங்கி, தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல்லில் ஒன்றான "தாங்க் யூ"வைச் சொன்னாள். அவர் படியிறங்கிப் போகும்வரை சிரித்தபடியே நின்றாள்.

தம்பி இனி வரமாட்டான் என்று நான் இரண்டாம் வருடமே முடிவுகட்டியிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லும் துணிச்சல் அன்றைக்கும் எனக்கு வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்த அம்மா, அந்தப் பூவை விமானக்காரனின் மாலைக்குள் செருகினாள்.

"இதையும் நீயே வச்சிரு ராசா," என்றாள் அவனிடம். "அவனுக்கு வேண்டாம்."