சாராயம் குடித்த நாடா

வெனான்சியோ கோல்கேயின் கைக்கு வந்தபோது அந்த ஒலிநாடா சாராயத்தில் ஊறி, கட்டிதட்டிப் போயிருந்தது. ஊற்றியவர் வேறு யாருமில்லை, அவனைப் பெற்ற அப்பா எலோய். சுரங்கத்துக்குள் கொம்போடு உட்கார்ந்திருக்கும் தீயோ சாமியின் காலடியில் தகரப்பெட்டியைப் புதைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் அதன்மேல் சாராயம் தெளித்து வந்திருக்கிறார். ஒன்றல்ல இரண்டல்ல, முப்பத்தெட்டு வருஷம். சாகக் கிடந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நிக்கானோரோட நாடா... தீயோ காலுக்கடியில இருக்கு. நல்லாப் பாத்துக்கிட்டேன்டா."

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தோண்டி எடுத்துப் பெட்டியைத் திறந்தான் வெனான்சியோ. "நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க" என்று செத்தவரைத் திட்டினான். சாராயம் நாடாவின் பூச்சைக் கரைத்து, சுற்றுக்குச் சுற்று ஒட்டவைத்திருந்தது.

பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது அவன் வேலை. ஒருரோ நகரத்து ஆவணக் காப்பகத்தின் பின்கட்டில் இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறான். சுரங்கத் தொழிலாளர்களின் வானொலி நாடா என்றால் பாதி பாட்டு, பாதி துப்பாக்கி. கேட்டுக் கேட்டு அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். இரண்டு ஹெட்போனையும் ஒரு கதவையும் இதுவரை உடைத்திருக்கிறான். "காதுல ரத்தம் காஞ்சு கிடக்கு, கழுவிட்டு வந்து சாப்பிடு" என்று அவன் மனைவி சொல்லாத நாளில்லை.

நிக்கானோர் அவனுடைய ஞானத்தகப்பன், சுரங்க வானொலியின் அறிவிப்பாளன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த ஆகஸ்டில் ஊரே சுரங்கத்துக்குள் ஒளிந்தபோது, வானொலி அறையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தவன். கம்பத்தைச் சுட்டுச் சாய்த்து ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, கதவை உடைத்து வந்து கொன்றார்கள் என்றும், தடுக்கப் போன எலோயின் தாடையைத் துப்பாக்கிக் கட்டையால் பெயர்த்தார்கள் என்றும் ஊரில் பேச்சு. அந்தக் கோணல் தாடைக்காகவே சங்கத்தின் மே தின ஊர்வலத்தில் எலோய்க்கு முதல் வரிசை.

கொன்றது கேப்டன் ஓசோரியோ என்று நிக்கானோரின் மனைவி கிறிஸ்பினா அன்று முதல் சொல்கிறாள். கிழவனாகிவிட்ட கேப்டனோ, அன்றைக்கு அந்த ஊர்ப்பக்கமே வரவில்லை என்று சத்தியம் செய்கிறான். வரும் திங்கட்கிழமை வழக்கின் கடைசி விசாரணை. நேரில் பார்த்த சாட்சிகள் எல்லாரும் மண்ணுக்குள். மிச்சம் இந்த நாடா மட்டும்தான்.

ஒட்டு விடுவதற்காக, பழம் உலர்த்தும் அடுப்பில் ஐம்பத்துநாலு டிகிரி சூட்டில் நாடாவை நாள் முழுக்க வாட்டினான் வெனான்சியோ. அதன்பின் ஒருமுறை ஓடும். ஓட ஓடப் பூச்சு உரிந்து கொட்டிவிடும், மறுமுறை கிடையாது. அப்பாவின் வீரத்தைக் கேட்க வேண்டும் என்று, சங்கத் தலைவராக இருக்கும் அண்ணன் ரெமிஹியோவும் வந்து உட்கார்ந்தான்.

நாடா கணினிக்குள் பதிந்தபடி ஓடியது. நிக்கானோரின் குரல் கரகரத்து வந்தது. "தோழர்களே, ராணுவ லாரி பாலத்தைத் தாண்டிருச்சு. பொம்பளைங்க, பிள்ளைங்க வெளிய வராதீங்க." வெளியே துப்பாக்கிச் சத்தம். கண்ணாடி நொறுங்கியது. பிறகு கதவு தட்டும் ஓசை.

"நிக்கானோர், நான்தான் எலோய். திற. எங்கூட யாருமில்ல."

தாழ்ப்பாள் விலகியது. அடுத்த கணம் பூட்ஸ் கால்கள் உள்ளே பாய்ந்தன. மூன்று வெடி. நாற்காலி சாய்ந்தது. நிக்கானோர் மூச்சுக்குத் திணறினான். யாரோ அவனை மிதிக்க மிதிக்க மூச்சு அடங்கியது.

"கேப்டன் ஓசோரியோ! கொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே! எம் பிள்ளைங்களை விட்டுடறேன், அவனையும் விட்டுடறேன்னு சொல்லித்தானே என்னைத் தட்டச் சொன்னீங்க!"

எலும்பு உடையும் சத்தம். அது எலோயின் தாடை.

ரெமிஹியோ எழுந்து நின்றான். "வெட்டுடா."

"எதை?"

"அப்பா பேசறதை. மிச்சத்தைக் குடு, போதும்."

"கேப்டன் பேரைச் சொன்னதே அப்பாதான். அதை வெட்டினா அவன் கை வீசிட்டுப் போயிருவான்."

"அப்ப, நாடாவோட கோர்ட்டுக்குப் போற கார்டுல 'அடையாளம் தெரியாத ஆள்'னு எழுது. குரலை வச்சு இனி யாரு கண்டுபிடிப்பா?"

"எலோய்னு அவரே சொல்றாரே, உங்காதுல என்ன ஈயமா?"

ரெமிஹியோவின் முஷ்டி வெனான்சியோவின் மூக்கில் இறங்கியது. வெனான்சியோ அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். அண்ணனும் தம்பியும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், தெரு நாய்கள் மாதிரி தரையில் புரண்டார்கள். ரெமிஹியோவின் கை கணினியை நோக்கி நீண்டபோது வெனான்சியோ அந்தக் கையைப் பல்லால் கடித்தான். அண்ணன் அலறினான்.

"பெத்த அப்பனைக் காட்டிக் குடுக்கறியேடா, நாயே!"

"எய்தவன் தப்பிக்க அம்பை ஒளிச்சு வைக்கச் சொல்றியா?"

மேலே இயந்திரம் யாருக்கும் காத்திருக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பழுப்புத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. ரெமிஹியோ கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

மறுநாள் காலை கிறிஸ்பினா வந்தாள். சுரங்கத்து வாசலில் நாற்பது வருஷம் சுத்தியலால் கல் உடைத்த கை அவளுடையது. வெனான்சியோவின் வீங்கிய மூக்கைப் பார்த்தாள்.

"யாருடா?"

"அண்ணன். மத்ரீனா, முழுசாப் போடறேன். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

ஞானத்தாயை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். கதவு தட்டும் இடத்தில் அவள் கண் மூடியது. வெடிச் சத்தத்துக்கு அவள் அசையவில்லை, அதை அவள் அன்றே சுரங்க வாசலில் நின்று கேட்டவள்.

பூட்ஸ்கள் வெளியேறிய பின்னும் நாடா முடியவில்லை. யாரோ தரையில் தவழ்ந்து வரும் ஓசை. உடைந்த தாடையால் ஒரு குழறல்: "நிக்கா... மன்னிச்சிரு... நிக்கா..." ஒரு தேம்பல், இயந்திரத்துக்கு மிக அருகில். பிறகு டக்கென்று பொத்தான் அமுங்கியது. அதோடு நின்றது.

"நிறுத்தினது யாரு?" என்று கேட்டாள் கிறிஸ்பினா.

"அப்பாதான். எடுத்துட்டுப் போய் ஒளிச்சு வச்சதும் அவர்தான். அப்புறம் எதுக்கு மத்ரீனா சாராயத்தை ஊத்தினாரு? அழியட்டும்னா?"

"அழிக்கறவன் அடுப்புல போடுவான்டா. என் புருஷன் தினமும் சாராயத்துல பஞ்சை நனைச்சு இந்த மாதிரி மெஷினைத் தொடைப்பான். உங்கப்பன் பக்கத்துல உக்காந்து பாப்பான். நாடாவுக்கும் அது நல்லதுன்னு நெனச்சிருப்பான், அந்த முட்டாப்பய."

சொல்லிவிட்டு எழுந்தவள் வெனான்சியோவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். வீங்கிய மூக்கிலிருந்து மறுபடி ரத்தம் வழிந்தது.

"இது உங்கப்பனுக்கு. உசுரோட இருக்கும்போதே வந்து சொல்லியிருந்தா நேர்ல குடுத்திருப்பேன்" என்றாள். சால்வை முனையால் தானே அவன் மூக்கைத் துடைத்தாள். "ஒரு எழுத்துக்கூட வெட்டாதே. அவன் அழறதும் இருக்கட்டும்."

அவள் போன பின், நாடாவோடு கோர்ட்டுக்குப் போக வேண்டிய கார்டை எடுத்தான் வெனான்சியோ. 'பேசுபவர்' என்ற இடத்தில் நிக்கானோரின் பெயரை எழுதினான். அதன்கீழ் எழுதினான்: 'கதவைத் தட்டியவர்: எலோய் கோல்கே. நாடாவைக் காப்பாற்றியவர்: எலோய் கோல்கே.' கார்டில் விழுந்த ரத்தத் துளியைத் துடைக்காமல் கையெழுத்துப் போட்டான்.