அந்தோணிராஜின் நெஞ்சில் பஞ்சு இல்லை

அந்தோணிராஜ் அண்ணாச்சி இருமினால் எனக்கு இரண்டு இடத்தில் கேட்கும். ராயபுரத்து லைன் வீட்டில் அவர் அடுத்த கதவு, பனியன் கம்பெனியில் அடுத்த மெஷின். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவர். தைக்கும்போதே ஒரு கால் பீடிக்கு எழுந்து போகத் தயாராக இருக்கும்.

கம்பெனிக்குள் எந்நேரமும் பஞ்சு பறக்கும். உள்ளே போன பஞ்சு வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் இறங்கிவிடும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. அதனால் மாடி ஏறும்போது நெஞ்சை இறுக்க ஆரம்பித்ததும் அண்ணாச்சி டாக்டரிடம் போகவில்லை, பழக்கடைக்குப் போனார். மாதக்கணக்காகத் தின்றார். தொப்பைதான் விழுந்தது.

2007 ஆடியில் மெஷின் மேலேயே வியர்த்துச் சரிந்தார். ஒரு மணி நேரத் தூரத்துக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தக்குழாய்க்குள் டியூப் விட்டுப் படம் எடுத்தார்கள்.

"பஞ்சு எவ்வளவு இருக்கு சார்?" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் பொறுமைசாலி. "பஞ்சு இல்லீங்க. இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய் சுவத்துக்குள்ள கொழுப்பு இறங்கியிருக்குது. அதைத் தின்னு சுத்தம் பண்ண வெள்ளை அணுக்கள் உள்ள போகுதுங்க. போனதுல பாதி வெளிய வர்றதில்ல. உப்பிப்போய் அங்கயே கெடக்கும். சாகாம இருந்து அங்கயே பெருகவும் செய்யும். அந்த மேடுதான் அடைக்குது."

"யாரு அணு சார்?"

"உங்க அணுதானுங்க."

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. என்னாலும்தான். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடும் வீரர்கள். அதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். மீதிக் கதை ஒன்பதாவதில் இருந்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில், "வேலைக்கு வந்த எடத்துல அந்த அணுவோ குடும்பம் போட்டுட்டுவோ, பாத்தியால," என்றார்.

"நம்மள மாதிரியே அண்ணாச்சி."

அவர் மனைவி விஜயராணி அக்கா என் தலையில் ஒன்று போட்டாள்.

மாத்திரையை நிறுத்தாமல் போட்டு, பீடியை விட்டு, தினமும் நடந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். இல்லையென்றால் அடுத்த தடவை தூக்கிக்கொண்டு வர நேரம் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்ச காலம் ஒழுங்காகப் போட்டார். வலி நின்றது. மாத்திரையும் நின்றது. "பஞ்சு எறங்கிட்டு," என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அக்காவுக்கு நிம்மதி போயிற்று. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் தாமதித்தால் கதவை இடிப்பாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் சேட்டை ஒன்றுதான். அக்காவிடம் மாத்திரையை வாங்கி, அவருடைய சாயங்காலப் பழத்துக்குள் செருகிவைத்தேன். சில நாள் விழுங்கினார். ஒரு நாள் பல்லில் மாட்டியது.

"ஏல! என்னைய நாய்னா நெனச்ச?"

"நாய்னா பிஸ்கட்ல வச்சிருப்பேன் அண்ணாச்சி."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "ஒங்க பஞ்சுக்கு இத்தன மாசம் பழம் வாங்கித் தந்தேம்லா? ஒரு வார்த்த சொன்னேனா? எனக்காவ இத ஒண்ணு தின்னா என்ன?"

அண்ணாச்சி ஈர மாத்திரையை உள்ளங்கையில் உருட்டினார். என்னைப் பார்த்தார். "இதத் தின்னா அந்த அணுவோ சாவுமால?"

"எல்லாம் சாவாது. கொழுப்பு குறைஞ்சா புதுசா வர்றது குறையும், உள்ள பெருகுறதும் குறையும்னுதான் டாக்டர் சொன்னார்."

"அப்ப காலம் பூரா அதுவளோடயா?"

அக்கா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கினார். விழுங்கியதும் எழுந்து சந்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடக்க ஆரம்பித்தார். அக்காவும் கூடவே போனாள்.

"பின்னால வராதட்டி."

"நான் எனக்கு நடக்கேன்."