எங்கள் படகுதான் ஆகப் பழையது

போன சீசன் தொடக்கத்தில் உப்புவெளிக் கடற்கரையில் நடந்தது இது. என் கணவர் திமிங்கிலம் பார்க்க ஆட்களைப் படகில் கூட்டிப்போகிறவர். அந்த முறையும் ஆட்கள் வராவிட்டால் படகை விற்றுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போவதென்று பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கரையில் எல்லாப் படகும் ‘பெஸ்ட்’தான். வெளிநாட்டுக்காரரைக் கண்டால் ஆளாளுக்கு பிக்கஸ்ட், ஃபாஸ்டஸ்ட் என்று கூவுவார்கள். இவருக்குக் கூவ வராது. அதனால் நான் டவுனில் ஓர்ஸ் ஹில் பக்கமிருந்த ஓர் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். நாற்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே, கடைசிக் கதிரையில். அந்த வாரப் பாடம் ஒப்பிடுவது: இரண்டில் எது பெரிது, எல்லாவற்றிலும் எது பெரிது. வீட்டுப்பாடத்துக்கு எங்கள் கரைப் படகுகளையே வைத்து எழுதினேன். முதல்முறை முழுக்கச் சிவப்புக் கோடு. திருத்தித் திருத்திப் பாடமாக்கினேன்.

பாடமாக்கி முடித்த மறுநாள் காலை நானும் இவருடன் கரையில் நின்றபோது, ஒரு வெளிநாட்டுப் பெண் சின்ன மகளுடன் வந்தார். பிள்ளை கடலைப் பார்த்துப் பயந்து அழுதது. எது நல்ல படகு என்று கேட்டார். எல்லோரும் வழமைபோலக் கூவினார்கள். என் முறை வந்தபோது வீட்டுப்பாடம் மட்டும்தான் வாயில் வந்தது. அந்தப் படகு எங்களுடையதைவிடப் பெரியது, இது எங்களுடையதைவிட வேகமானது, எங்களுடையதுதான் ஆகப் பழையது என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன்.

அந்தளவு இங்கிலிஷ் இவருக்கும் விளங்கும்; என்னைப் பார்த்துச் சீறினார். “உனக்கென்ன விசரா? எங்கட போட்டை நீயே பழுது சொல்றியே!”

ஆனால் கடைசி வசனம் மிச்சமிருந்தது. இந்தக் கரையிலேயே ஆகக் கவனமான மனுசன் என் கணவர்தான் என்றேன். பிழையில்லாமல். அது உண்மை. ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட் வாரையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் எஞ்சினைத் தொடமாட்டார். அதற்காக மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். நானும் ஏசியிருக்கிறேன்.

அந்தப் பெண் குனிந்து மகளிடம் ஏதோ சொன்னார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இவரின் கையைப் பிடித்தது.

திரும்பி வந்தபோது அதே பிள்ளை படகைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மறுநாள் விடிய, அவர்கள் தங்கிய விடுதியிலிருந்து பதினொரு பேர் வந்து அந்தக் கவனமான மனுசன் எங்கே என்று கேட்டார்கள். அன்று படகு இரண்டு தரம் ஓட வேண்டியதாயிற்று. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

பக்கத்துப் படகுக்காரர் தலையைச் சொறிந்தார். “அக்கா, அந்த இங்கிலிஷை எங்களுக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்கோ.”

“ஓம், தாறன். முதல்ல எல்லாருக்கும் ஜாக்கெட் வாங்குங்கோ” என்றேன்.

பாஸ்போர்ட் இன்னும் ஒரு முத்திரைகூட விழாமல் அலுமாரியில் கிடக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், எங்கள் குறையை நானே வாய்விட்டுச் சொன்ன அந்தக் காலையில்தான் என் வாழ்க்கையிலேயே ஆகத் தைரியமாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.